கல்லீரல் அழற்சி சி-யும் கல்லீரல் புற்றுநோயும்

ஹெப்படைட்டிஸ் சி என்று பரவலாக அறியப்படும் கல்லீரல் அழற்சி சி என்பது, குருதி வழியாகப் பரவும் ஒரு தீநுண்மத்தால் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். இத்தொற்று நாட்பட்டு நீடிக்கும்போது கல்லீரலில் தழும்புகள் படிந்து, காலப்போக்கில் கல்லீரல் உயிரணுப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்புப் பன்மடங்கு உயர்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994ஆம் ஆண்டில் இத்தீநுண்மத்தை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவதாக நிறுவப்பட்ட முதற் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் இதே பிரிவில் உள்ளது.

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நாட்பட்ட கல்லீரல் அழற்சி சி உடையவர்களாக இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இந்தியாவில் இருந்தனர். புற்றுநோயை உண்டாக்கும் தீநுண்மங்கள் பல அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மாத்திரைகளால் உடலிலிருந்து முற்றிலும் நீக்கக்கூடியது இது ஒன்றே ஆகும். எனவே இத்தொற்றைக் கண்டறிவது என்பது ஒரு புற்றுநோயைத் தோன்றும் முன்னரே தடுக்கும் வழியும் ஆகும்.

தீநுண்மம்

கல்லீரல் அழற்சி சி தீநுண்மம் ஓரிழை ஆர்.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்டது. டெங்கு, மஞ்சட் காய்ச்சல் ஆகியவற்றின் தீநுண்மங்கள் அடங்கிய ஃபிளாவிவிரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 9,600 எழுத்துக்களே உள்ளன. அதிலிருந்து ஏறத்தாழ 3,000 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட புரதம் உருவாகி, பின்னர் 10 புரதங்களாக வெட்டப்படுகின்றது.

இதனை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. ஆகவே ஒரே நோயாளியின் குருதியிலும் சற்றே வேறுபட்ட எண்ணற்ற வடிவங்கள் உலவுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் ஒன்றை அடையாளம் காண்பதற்குள் வேறொன்று பெருகிவிடுகின்றது. இத்தீநுண்மத்திற்கு இன்றுவரை தடுப்பூசி இல்லாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

இதுவரை 8 மரபுவகைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் 3ஆம் வகையே மிகுதி. அடுத்து 1ஆம் வகை. எட்டாம் வகை 2018ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. அது பஞ்சாபைச் சேர்ந்த நோயாளிகளிடம் காணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. மரபுவகை வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று. 3ஆம் வகை கல்லீரலில் கொழுப்புப் படிவதை மிகுவிக்கின்றது. இழைநார் வளர்ச்சியும் புற்றுநோயும் இவ்வகையில் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

கண்டுபிடிப்பு

கல்லீரல் அழற்சி பி தீநுண்மத்தின் மேற்பரப்புப் புரதத்தைப் பரூக் புளூம்பர்க் 1960களில் கண்டறிந்தார். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவரது பிறந்தநாளான சூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இதன்பின் குருதிக்கொடையில் பி வகைக்கான சோதனை நடைமுறைக்கு வந்தது. எனினும் குருதி ஏற்றப்பட்ட பலருக்குத் தொடர்ந்து கல்லீரல் அழற்சி வந்துகொண்டேயிருந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் பணியாற்றிய ஹார்வி ஆல்ட்டர், இது ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்று 1970களின் நடுவில் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளாக இந்நோய் 'ஏ அல்லாத, பி அல்லாத' என்ற எதிர்மறைப் பெயராலேயே வழங்கப்பட்டது.

1989ஆம் ஆண்டில் சிரான் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹௌட்டன், கீ-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர், டேனியல் பிராட்லியுடன் இணைந்து இத்தீநுண்மத்தை அடையாளம் கண்டனர். நுண்நோக்கியில் பார்த்தோ வளர்ப்பு ஊடகத்தில் பெருக்கியோ அவர்கள் இதனைக் கண்டுபிடிக்கவில்லை. தொற்றுற்ற சிம்பன்சியின் குருதியிலிருந்து மரபுத் துண்டுகளைப் படியாக்கி, அவற்றுள் எது நோயாளியின் எதிர்ப்புரதத்தோடு ஒட்டுகின்றது என்று தேடிக் கண்டனர். கண்ணால் காணும் முன்னரே ஒரு தீநுண்மத்தின் மரபெழுத்து வாசிக்கப்பட்டது வியப்பான நிகழ்வாகும். இத்தீநுண்மம் ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்லஸ் ரைஸ் 1997இல் மெய்ப்பித்தார். ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அழற்சியிலிருந்து புற்றுநோய் வரை

தீநுண்மம் உடலில் நுழைந்தவருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குள் மருந்தின்றியே அதிலிருந்து விடுபடுகின்றனர். எஞ்சிய 70 விழுக்காட்டினருக்குத் தொற்று நாட்பட்டதாகிறது. பெரும்பாலோருக்கு அப்போது எந்த அறிகுறியும் இராது. மஞ்சட் காமாலை வருவது அரிது. சிறிது சோர்வு இருந்தால் அதற்கு வேறு ஆயிரம் காரணங்கள் சொல்லப்படும். இப்படி இருபது, முப்பது ஆண்டுகள் கடந்துவிடும்.

இந்த அமைதியான காலத்தில் கல்லீரலுக்குள் ஓர் ஓயாத போர் நடக்கின்றது. எதிர்ப்பு உயிரணுக்கள் தொற்றுற்ற கல்லீரல் உயிரணுக்களை அழிக்கின்றன. கல்லீரல் மீண்டும் வளரும் ஆற்றல் உடைய உறுப்பாதலால் அழிந்தவற்றிற்கு ஈடாகப் புதிய உயிரணுக்கள் பிரிந்து உருவாகின்றன. அழிவுக்கும் மீள்வளர்ச்சிக்கும் இடையே தழும்புத் திசு சிறிது சிறிதாகப் படிகின்றது. இத்தழும்பு கல்லீரல் முழுவதும் பரவி, நடுவில் முடிச்சு முடிச்சாகத் திசு திரண்டு நிற்கும் நிலையே கல்லீரல் இழைநார் வளர்ச்சி ஆகும். மருத்துவர்கள் சிரோசிஸ் என்று சொல்வது இதனையே. நாட்பட்ட தொற்று உடையவர்களுள் 15 முதல் 30 விழுக்காட்டினர் 20 ஆண்டுகளில் இந்நிலையை அடைகின்றனர் என உலக நலவாழ்வு அமைப்புக் குறிப்பிடுகின்றது. இந்நிலையை அடைந்தவர்களில் ஆண்டுதோறும் 100க்கு 1 முதல் 4 பேருக்குப் புற்றுநோய் தோன்றுகின்றது. ஓராண்டுக்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், பத்தாண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். தொற்று இல்லாதவரோடு ஒப்பிட, தொற்று உடையவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 15 முதல் 20 மடங்கு என்று மதிப்பிடப்படுகின்றது.

இங்குப் பி வகைக்கும் சி வகைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ளுதல் நன்று. பி வகைத் தீநுண்மம் டி.என்.ஏ.வால் ஆனது; அது தன் மரபுத்துண்டை நம் உயிரணுவின் மரபுத்தொகுதிக்குள்ளேயே செருகிவிடக் கூடும். அதனால் இழைநார் வளர்ச்சி இல்லாதவருக்கும் அதனால் புற்றுநோய் வரலாம். சி வகையின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதே இல்லை. உயிரணுவின் உட்கருவில் அது தங்குவதும் இல்லை. ஆகவே சி வகையால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இழைநார் வளர்ச்சி அல்லது அதற்கு முந்தைய முற்றிய தழும்பு நிலையிலேயே தோன்றுகின்றது.

அப்படியானால் மரபுத்தொகுதியைத் தொடாத ஒன்று எவ்வாறு புற்றுநோயை உண்டாக்குகின்றது? முதல் விடை மேலே சொன்ன அழிவும் மீள்வளர்ச்சியுமே. உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் நகலெடுப்பில் பிழை நேரும் வாய்ப்பு உண்டு. அழற்சியில் வெளிப்படும் வினைமிகு ஆக்சிசன் மூலக்கூறுகள் டி.என்.ஏ.வை நேரடியாகவும் சிதைக்கின்றன. பிரிவு எண்ணற்ற முறை நிகழும்போது, உயிரணுவின் ஆயுளைக் கட்டுப்படுத்தும் டெலோமரேசு மரபணுவின் முன்பகுதியிலும், பி53 போன்ற காவல் மரபணுக்களிலும் மாற்றங்கள் சேர்கின்றன.

இரண்டாவது விடை தீநுண்மத்தின் புரதங்களைப் பற்றியது. சப்பானில் கசுஹிகோ கொய்கே குழுவினர், இத்தீநுண்மத்தின் உள்ளகப் புரதத்திற்கான மரபணுவை மட்டும் சுண்டெலிகளுக்குப் புகுத்தினர். 1998இல் முடிவை வெளியிட்டனர். அந்த எலிகளின் கல்லீரலில் குறிப்பிடத்தக்க அழற்சி இல்லை. ஆயினும் முதலில் கொழுப்புப் படிந்தது. வயது முதிர்ந்தபின் புற்றுநோய் தோன்றியது. அழற்சி இன்றியும் தீநுண்மப் புரதம் உயிரணுவைத் தடம் புரளச் செய்யவல்லது என்பதை இது காட்டியது. மனித நோயாளியில் இவ்விரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பதை ஒரு வரியில் பிரித்துச் சொல்ல இயலாது. பெரும்பங்கு அழற்சிக்கும் தழும்புக்குமே உரியது என்பது பொதுவான கருத்து.

இடரை மிகுவிப்பவை

மதுவே இங்கு முதலிடம் பெறுவது. மதுவும் தீநுண்மமும் தனித்தனியே கல்லீரலைத் தாக்குவதோடு, சேர்ந்திருக்கும்போது ஒன்றின் விளைவை மற்றொன்று பெருக்குகின்றன. பி வகைத் தொற்று, எச்.ஐ.வி. தொற்று, நீரிழிவு, உடற்பருமன், முதிர்ந்த வயது ஆகியவையும் இடரை உயர்த்துகின்றன. ஆண்களுக்கு இடர் கூடுதல். ஈரத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளம் முதலியவற்றில் உண்டாகும் அஃபிளாடாக்சின் நஞ்சு தனியாகவே கல்லீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது. இதன் கூட்டு விளைவு பி வகையோடு சேரும்போது மிகத் தெளிவாக நிறுவப்பட்டுள்ளது.

இந்தியாவில்

2015-16இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் திரட்டிய குருதி மாதிரிகளைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட ஆய்வு, மக்களுள் 0.95 விழுக்காட்டினருக்குப் பி வகையின் மேற்பரப்புப் புரதமும், 0.32 விழுக்காட்டினருக்குச் சி வகையின் எதிர்ப்புரதமும் இருப்பதாகக் கண்டது. சராசரி சிறியதே, ஆனால் பரவல் சீரானதன்று. பஞ்சாபில் தேசியச் சராசரியைவிடப் பன்மடங்கு மிகுதி. ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர், குருதித் தூய்மிப்புச் சிகிச்சையில் இருக்கும் சிறுநீரக நோயாளிகள், அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியாக் குழந்தைகள் ஆகியோரிடம் இது பொதுமக்களைவிட மிகவும் கூடுதலாகக் காணப்படுகின்றது.

இந்தியாவில் தொற்றுப் பரவிய வழிகளுள் பெரும்பங்கு மருத்துவத்தின் வழியாகவே நடந்தது என்பது கசப்பான உண்மை. பணத்திற்குக் குருதி விற்கும் வழக்கம் 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. கொடைக் குருதியில் சி வகைக்கான சோதனை 2000களின் தொடக்கத்திலேயே கட்டாயமாயிற்று. ஆகவே அதற்கு முன்னர் மகப்பேறு, விபத்து, அறுவை முதலிய காரணங்களுக்காகக் குருதி ஏற்றப்பட்டவர் எவரும் ஒருமுறை சோதித்துக்கொள்வது பொருத்தம். அன்று ஏறிய தொற்று இருபது, முப்பது ஆண்டுகளில் எங்கே வந்து நிற்கும் என்பது மேலே சொல்லப்பட்டது.

மற்றொரு வழி ஊசி. 'டாக்டர், மாத்திரை வேண்டாம், ஒரு ஊசி போடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. 2004ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் போடப்பட்ட ஊசிகளுள் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை பாதுகாப்பற்ற முறையில் போடப்பட்டவை என்று கண்டது. இவற்றோடு பச்சை குத்தும் ஊசி, காது மூக்குக் குத்தும் கருவி, முடிதிருத்தகச் சவரக்கத்தி, பல் மருத்துவக் கருவி ஆகியவையும் சரியாகத் தூய்மிக்கப்படாவிடில் தொற்றைக் கடத்தலாம். தொற்றுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குக் கடத்தப்படுவது ஏறத்தாழ 100க்கு 5 பிறப்புகளில் நிகழ்கின்றது. சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, தாய்ப்பாலாலோ இது பரவுவதில்லை.

மருத்துவத்தால் ஒரு நாடே தொற்றுக்குள்ளான கதைக்கு எகிப்து எடுத்துக்காட்டு. நைல் ஆற்றுவெளியில் நத்தைகள் வழியே பரவும் சிஸ்டோசோமியாசிசு என்னும் புழுநோயை ஒழிக்க, 1950கள் முதல் 1980கள் வரை ஊர் ஊராக ஊசி மருந்து போடப்பட்டது. போதிய கொதிநீரிடாத ஊசிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தீநுண்மத்தைக் கொண்டுசென்றன. புழுநோய் குறைந்தது, ஒரு தலைமுறைக்குப் பின் கல்லீரல் புற்றுநோய் பெருகியது. அதே எகிப்து 2018-19இல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்றுடையோர்க்கு இலவச மருந்து வழங்கியது.

கீழாநெல்லியும் காமாலையும்

தமிழ்நாட்டில் கல்லீரல் நோய் பற்றிய எந்தப் பேச்சும் கீழாநெல்லியைத் தொடாமல் முடிவதில்லை. வயல் வரப்பில் களையாக வளரும் இச்சிறு செடி, சித்த மருத்துவத்தில் காமாலைக்கு உரிய மூலிகையாக நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இது வெறும் நம்பிக்கையாகவே விடப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராசன் குழுவினர், புளூம்பர்க்கோடு இணைந்து, நாட்பட்ட பி வகைத் தொற்று உடையோர்க்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாட்கள் கொடுத்துச் சோதித்தனர். 1988ஆம் ஆண்டில் லான்செட்டு இதழில் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்ற 37 பேருள் 22 பேரின் குருதியில் தீநுண்மத்தின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது; போலி மருந்து பெற்ற 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. இது உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்யப்பட்ட பின்னைய சோதனைகளில் இப்பயன் மீண்டும் கிட்டவில்லை. இத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, 2011இல், போலி மருந்தைவிட இது மேலானது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவு கூறியது.

இந்த ஆய்வுகள் அனைத்தும் பி வகையைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. சி வகையைக் கீழாநெல்லி நீக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

ஆயினும் 'குடித்தேன், காமாலை போயிற்று' என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. ஊரில் காணும் மஞ்சட் காமாலையின் பெரும்பகுதி, அழுக்கு நீரால் பரவும் ஏ வகை அல்லது ஈ வகையால் வருவது. அவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தணிபவை. எதைக் குடித்தாலும் தணியும், குடிக்காவிட்டாலும் தணியும். சிக்கல் இந்த அனுபவத்தைச் சி வகைக்கும் நீட்டிக்கும்போது எழுகின்றது. சி வகையில் கண் மஞ்சளாவதே அரிது. கண் மஞ்சளாகும் வரை காத்திருப்பவருக்கு அந்நாள் வரும்போது கல்லீரல் பெரும்பாலும் செயலிழக்கும் கட்டத்தில் இருக்கும்.

மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற கொல்லிமலையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்தில் அதன் அடிவாரமான காரவள்ளியில் தொடங்கும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கின்றது. இத்தகைய இடத்தில் வாழும் ஒருவருக்கு, வீட்டருகே கிடைக்கும் செடியும் சமவெளி மருத்துவமனையும் ஒரே தொலைவில் இல்லை. முன்னைய இன்டர்ஃபெரான் சிகிச்சை 24 அல்லது 48 வாரங்களுக்கு ஊசியாகப் போடப்பட வேண்டியது. குளிர்பதனத்தில் வைக்க வேண்டியது. காய்ச்சல், மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகள் மிகுந்தது. மலைமேல் அதனைத் தொடர்வது ஏறக்குறைய இயலாத செயல். இன்றைய மாத்திரைகளையோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறலாம். இம்மாற்றத்தின் அளவை நகரத்தில் இருந்து பார்ப்பவர் முழுதும் உணர்வது கடினம்.

சோதனை

முதலில் குருதியில் எதிர்ப்புரதம் தேடப்படுகின்றது. இது இருந்தால் ஒருகாலத்தில் தொற்று நேர்ந்தது என்பது மட்டுமே பொருள். தாமே குணமானவருக்கும், மருந்தால் குணமானவருக்கும் எதிர்ப்புரதம் வாழ்நாள் முழுதும் இருக்கக்கூடும். தற்போது தீநுண்மம் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, குணமான ஒருவரை நோயாளி என ஒதுக்கும் தவறு பணியமர்த்தும் இடங்களிலும் மருத்துவமனைகளிலும் கூட நிகழ்கின்றது.

தழும்பின் அளவை அறிய முன்னர் கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுப்பர். இப்போது வயது, இரு கல்லீரல் நொதிகளின் அளவு, குருதித் தட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஓரளவு மதிப்பிடலாம். இச்சோதனைகள் எந்தச் சிறு ஆய்வகத்திலும் செய்யத்தக்கவை. நொதிகளின் அளவு இயல்பாக இருப்பதாலேயே கல்லீரல் நலமாக உள்ளது என்று முடிவு செய்தல் கூடாது.

மருந்தும் அதன் விலையும்

தீநுண்மத்தின் நகலெடுக்கும் நொதியைத் தடுக்கும் சோபோசுபுவிர், 2013 திசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அங்கு 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர்; அதாவது மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். காப்புரிமை பெற்றிருந்த கிலீயடு நிறுவனம் 2014 செப்தம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் அளித்தது. 2015இல் இந்தியச் சந்தைக்கு வந்த பொதுப்பெயர் மருந்தின் 28 மாத்திரைகள் ஏறத்தாழ 20,000 ரூபாய்க்கு விற்கப்பட்டன. போட்டியால் விலை மேலும் வீழ்ந்தது. பஞ்சாப் அரசு 2016இல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. 2018 சூலை 28 அன்று தேசியத் தீநுண்மக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, நாடெங்கும் அரசு மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாக வழங்கப்படலாயின. இழைநார் வளர்ச்சி இல்லாதவர்க்குச் சோபோசுபுவிர், டக்ளட்டாசுவிர் ஆகிய இரண்டும் 12 வாரங்களுக்குத் தரப்படுகின்றன. இழைநார் வளர்ச்சி உடையோர்க்குச் சோபோசுபுவிரோடு வெல்பட்டாசுவிர் தரப்படுகின்றது. 100க்கு 90க்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். மருந்து முடிந்து 12 வாரங்களுக்குப் பின்னும் குருதியில் ஆர்.என்.ஏ. இல்லையெனில் குணமானதாகக் கொள்ளப்படும்.

ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. பி வகைத் தொற்றும் உடன் இருப்பவருக்குச் சி வகையை நீக்கும்போது, அடங்கியிருந்த பி வகை கிளர்ந்தெழக் கூடும். அதனால் மருந்து தொடங்கும் முன் பி வகைக்கும் சோதிக்கப்படுகின்றது.

இதே கதையின் மறுபக்கத்தில் சோராஃபெனிப் உள்ளது. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு வந்த முதல் மாத்திரை இது. 2008இல் வெளியான முதன்மைச் சோதனையில், மருந்து பெற்றவரின் இடைநிலை வாழ்நாள் 10.7 மாதங்கள், பெறாதவரின் வாழ்நாள் 7.9 மாதங்கள். இந்தியாவில் இதன் ஒரு மாத விலை 2,80,428 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை நாட்கோ நிறுவனத்திற்கு வழங்கி, விலையை 8,880 ரூபாயாக வரையறுத்தார். பேயர் நிறுவனத்தின் முறையீட்டை, சென்னையில் இயங்கிவந்த அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அந்த வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் இவ்வழக்கின் மையத்தில் இருந்தது மூன்று மாதத்திற்கும் குறைவான கூடுதல் வாழ்நாள். அதே கல்லீரலில் சில ஆண்டுகளுக்கு முன் தீநுண்மம் கண்டறியப்பட்டிருந்தால் தேவைப்பட்டிருக்கக்கூடியது 12 வார மாத்திரை. சோராஃபெனிப் வெளிவந்த நாளில் அத்தகைய மாத்திரை இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், இன்று இருக்கின்றது.

குணமான பின்னர்

தீநுண்மம் நீங்கியபின் புற்றுநோய் இடர் எவ்வளவு குறைகின்றது? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகள், ஏறக்குறைய 70 விழுக்காடு குறைவதாகக் காட்டின. புதிய மாத்திரைகளுக்குப் பின் புற்றுநோய் விரைந்து திரும்புவதாக 2016இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் அறிக்கை அச்சத்தை எழுப்பியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை.

எனினும் 70 என்பது 100 அன்று. மென்பொருள் எழுதுவோர் மொழியில் சொல்வதானால், தீங்கான நிரலை நீக்கிவிட்டோம். அது ஏற்கெனவே மாற்றி எழுதிய கோப்புகள் அப்படியே உள்ளன. தழும்பு ஓரளவு கரையலாம். சேர்ந்துவிட்ட மரபணு மாற்றங்கள் கரைவதில்லை. மரபணுக்களை இயக்கும், அடக்கும் வேதிக் குறிகளில் நேர்ந்த மாற்றங்களுட் சிலவும் தீநுண்மம் போனபின் எஞ்சியிருப்பதை 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே சிகிச்சைக்கு முன்னரே இழைநார் வளர்ச்சி அடைந்தவர், குணமான பின்னும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீயொலி வருடல் செய்துகொள்ள வேண்டும். ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்னும் குருதிச் சோதனையும் உடன் செய்யப்படுவதுண்டு. ஆறு மாதம் என்பது மனம்போன கணக்கன்று. இப்புற்றுநோய்க் கட்டி இருமடங்காக எடுத்துக்கொள்ளும் காலம் பெரும்பாலும் 4 முதல் 6 மாதங்கள் என்ற அடிப்படையில் அமைந்தது அது. சிறிதாக இருக்கையில் கண்டால் அறுவை, வெப்பத்தால் கட்டியைச் சுட்டழித்தல், கல்லீரல் மாற்று ஆகியவற்றால் குணப்படுத்த இயலும். தழும்பு மிகாத நிலையிலேயே குணமானவருக்கு இக்கண்காணிப்புப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

மாத்திரையை மலைமேல் எடுத்துச் செல்லலாம் என்று முன்னர் சொன்னோம். மீயொலி வருடலுக்கோ ஆண்டுக்கு இருமுறை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க நேரலாம். நோய் குணமாகிவிட்டது என்று சொல்லப்பட்ட ஒருவர், உடலில் எந்தத் துன்பமும் இல்லாத நாளில், ஒரு நாள் கூலியை இழந்து இவ்வாறு இறங்குவார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. கண்காணிப்பு இடையில் விடுபடுவது இங்குத்தான்.

குணமானவருக்கு எதிர்ப்பாற்றல் ஏற்படுவதில்லை என்பதால் மீண்டும் தொற்றவும் கூடும்.

பிற புற்றுநோய்கள்

இத்தீநுண்மம் கல்லீரலோடு நிற்பதில்லை. எதிர்ப்புரதங்களை உண்டாக்கும் பி நிணவணுக்களை இது இடைவிடாது தூண்டுவதால், ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய் வகைகள் சிலவும் இதனால் தோன்றுகின்றன. பிரான்சில் மண்ணீரலில் தோன்றிய இத்தகைய புற்றுநோய் உடைய 9 பேருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தபோது, தீநுண்மம் மறைந்த 7 பேருக்குப் புற்றுநோயும் தணிந்தது. சி வகைத் தொற்று இல்லாத அதே வகை நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் பயன்தரவில்லை. 2002ஆம் ஆண்டில் வெளியான இச்சிறு ஆய்வு, தொற்றுக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள காரணத் தொடர்பிற்கு வலுவான சான்றுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. கல்லீரலின் உள்ளே அமைந்த பித்தநாளங்களில் தோன்றும் புற்றுநோயும் இத்தொற்று உடையோரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது.